ஏற்றத்தில் மூச்சு வாங்கிய பேட்டரி கார்: 36 வோல்ட் வண்டிக்கு இழுவை கூட்டிய விவரம்

ஊட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டிலிருந்து போன். "தம்பி, நம்ம பேட்டரி கார் மேல் காட்டேஜுக்கு ஏறவே மாட்டேங்குது. லித்தியம் போட்டு, மோட்டாரையும் பெருசா மாத்திடலாம்னு இருக்கோம். ஒரு எட்டு வந்து பாத்துட்டு ரேட் சொல்லுங்க." நான் கோயம்புத்தூரில் மில்களுக்கு ஸ்டேக்கர், ஃபோர்க்லிஃப்ட் சர்வீஸ் செய்கிறவன். கோல்ஃப் வண்டி எனக்கு அந்நியமில்லை. சுருள்கள் வரிசையாக இணைந்த அதே சீரீஸ் மோட்டார், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் அதே வகை கன்ட்ரோலர், மெயின் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சான அதே சொலினாய்டு. தூக்குகிற வேலை மட்டும் கிடையாது.

வண்டி பழைய அமெரிக்கத் தயாரிப்பு. ஏதோ கோல்ஃப் கிளப்பில் ஓடி ஓய்ந்து, இரண்டு கை மாறி இங்கே வந்திருக்கிறது. 36 வோல்ட், ஆறு 6 வோல்ட் பேட்டரி, 275 ஆம்ப்ஸ் கன்ட்ரோலர், பின் ஆக்சிலில் 12.44-க்கு 1 கியர். சமதளத்தில் இரண்டு பேரும் இரண்டு கோல்ஃப் பையும் போவதற்காகச் செய்த வண்டியில், பின்னால் இரும்பு ஃப்ரேம் பற்றவைத்து இன்னும் இரண்டு வரிசை சீட் போட்டு ஆறு பேரை ஏற்றுகிறார்கள். ஆள், பேட்டரி, வண்டி எல்லாம் சேர்த்தால் 850 கிலோவுக்குக் குறையாது.

கேட்டிலிருந்து மேல் காட்டேஜ் வரை சுமார் 140 மீட்டர். சராசரியாக 7 அடிக்கு 1 அடி ஏற்றம். நடுவில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே மட்டும் நாலரைக்கு ஒன்று வரும். அந்த வளைவில்தான் பிரச்சினையே. ஓட்டத்தில் வந்தால் எப்படியோ முக்கி முனகி ஏறிவிடும், எதிரில் ஆள் வந்து ஒரு தடவை நிறுத்திவிட்டால் மறுபடி கிளம்பாது. விருந்தாளிகள் இரண்டு பேர் இறங்கி நடக்க வேண்டும். குழந்தை குட்டியோடு ரூமுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வந்தவர்களை இறங்கித் தள்ளச் சொன்னால் என்ன ஆகும் என்று ஓனர் நொந்துகொண்டதில் நியாயம் இருக்கிறது.

ஓனர் இன்னொன்றும் சொன்னார்: "2,200 மீட்டர் உயரம் தம்பி, இங்க எந்த வண்டியும் கீழ இழுக்கற மாதிரி இழுக்காது." பெட்ரோல் வண்டிக்கு அது சரி. காற்று மெலிந்து இந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். மோட்டாருக்கு அந்தக் கணக்கே கிடையாது, அது காற்றைக் குடித்து ஓடுவதில்லை. ஆனால் குளிர் பேட்டரியைப் பாதிக்கும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை உறைபனி விழுகிற இடம். 0 டிகிரி பக்கத்தில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். காலை டிரிப்பில்தான் அதிகம் மக்கர் செய்கிறது என்று டிரைவர் சொன்னதற்கு இதுதான் காரணம்.

ரேட் எதுவும் சொல்லவில்லை, முதலில் அளந்துவிடுவோம் என்றேன். இழுவை இல்லை என்றதும் எல்லோரும் நேராக மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பாய்கிறார்கள். பேட்டரி கொடுக்கிற வோல்டேஜ் முழுசாக மோட்டாருக்குப் போய்ச் சேர்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் மீட்டர் வைத்தால் இது தெரியவே தெரியாது. கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த லக்கும் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) தங்க லக்கும் ஒன்றுதான். லோடோடு, ஏற்றத்தில், ஓடும்போது அளக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி செய்தோம். ஒவ்வொரு பேட்டரி முனையிலிருந்தும், சொலினாய்டின் இரண்டு பக்கத்திலிருந்தும், ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சிலிருந்தும், மோட்டார் முனையிலிருந்தும் மெல்லிய வயர்களைச் சின்ன ஃப்யூஸ் போட்டு இழுத்து, சீட்டுக்கு வெளியே டேப் ஒட்டிக் கொண்டுவந்தேன். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது, அதனால் வயர் மெல்லிசாக இருந்தாலும் அளவு தப்பாது. மெயின் கேபிளில் கரண்ட் அளக்க டிசி கிளாம்ப் மீட்டர். ஆளுக்குப் பதில் ரிசார்ட் கிச்சனுக்கு இறங்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டை ஐந்து, 50 கிலோ கணக்கில். அதோடு நானும் டிரைவரும். ஆறு பேர் கனம் வந்துவிட்டது.

நின்ற நிலையில் 37.9 வோல்ட். பார்க்க நல்ல பேட்டரி செட் போலத்தான் இருந்தது. ஏற்றத்தில் முழு அக்சிலரேட்டரில் 210 ஆம்ப்ஸ் ஓடும்போது பேக் (ஆறு பேட்டரியும் சேர்ந்தது) 30.0 வோல்ட்டுக்கு விழுந்தது, மோட்டார் முனையில் 26.3. கேட்டிலிருந்து காட்டேஜ் வரை 70 விநாடி, அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். பக்கத்தில் நடந்து வந்த தோட்டக்காரர் கொஞ்ச தூரம் வண்டியை முந்தியே போனார்.

இடையில் காணாமல் போன அந்த 3.7 வோல்ட் எங்கே போயிற்று? கேபிள்களில் 1.7. பழைய கேபிள் 13 ஸ்கொயர் எம்எம்தான், அதுவே சிறிசு, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. லக்குகளில் மொத்தம் 0.5. சொலினாய்டின் உள்தகடுகளில் 0.5. ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சில் 0.6. கன்ட்ரோலருக்குள் 0.4, அது இயல்பு, அதை ஒன்றும் செய்ய முடியாது. 3.7 வோல்ட்டை 210 ஆம்ப்ஸால் பெருக்கினால் 777 வாட்ஸ். சீட்டுக்கு அடியில் ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் செய்து வைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்கள். ஓட்டி முடித்ததும் சுவிட்சின் செப்புத் தகடு பக்கம் விரலைக் கொண்டுபோனாலே சூடு அடித்தது. திறந்து பார்த்தால் தகட்டில் பொட்டுப் பொட்டாகக் கரி.

இன்னொரு திருடன் பேட்டரி பெட்டியிலேயே இருந்தான். ஐந்து பேட்டரிகள் லோடில் தலா 5.4 வோல்ட் பக்கம் நின்றன, நான்காவது மட்டும் 3 வோல்ட்டுக்கு மண்டியிட்டது. ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் விட்டால் அதன் ஒரு செல்லில் டென்சிட்டி 1.160, பக்கத்துச் செல்களில் 1.260. அந்த ஒரு செல்லில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே போயிருக்கிறது, யாரோ பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மறைத்திருக்கிறார்கள், தகடு ஏற்கனவே செத்துவிட்டது.

இந்த வகை 6 வோல்ட் பேட்டரியில் உலகம் முழுக்க அளவுகோல் டிரோஜன் டி-105. 28 கிலோ, 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் 225 ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி. ஆனால் 75 ஆம்ப்ஸ் தொடர்ந்து எடுத்தால் அதுவே 115 நிமிடம்தான் என்று அவர்களே போடுகிறார்கள். கணக்குப் போட்டால் 144 ஏஎச்தான் வரும். 210 எடுத்தால் இன்னும் குறையும். லேபிளில் இருக்கிற ஏஎச்சைப் பார்த்து மலை வண்டிக்குக் கணக்குப் போடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் கட்ட வேலை ஒரே நாள். எல்லா மெயின் கேபிளையும் கழற்றிவிட்டு 35 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிள் போட்டோம். அது நூலிழை போல மெல்லிய செம்புக் கம்பிகள் சேர்ந்தது, நன்றாக வளையும், கோயம்புத்தூரில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். டின் பூசிய செம்பு லக், ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தி, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். சுத்தியலால் தட்டி லக் போடுகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், இந்த வண்டியில் காணாமல் போன அரை வோல்ட் அப்படித் தட்டின லக்குகளில்தான் போயிருந்தது. பேட்டரி முனைகளைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வயர் பிரஷ் போட்டோம். சுவிட்சுக்குப் புதுத் தகடு. செத்த பேட்டரிக்குப் பதில், ஷெட்டில் டயர் படுத்துக் கிடந்த இன்னொரு வண்டியிலிருந்து அதே வயசு பேட்டரி ஒன்றை எடுத்துப் போட்டோம், சோதனைக்குத்தான். பழசு ஐந்தோடு புத்தம் புதுசு ஒன்றைச் சேர்த்தால் புதுசையும் பழசு கெடுத்துவிடும்.

மறுபடி அதே ஐந்து மூட்டை, அதே ஏற்றம். பேக் 32.2, மோட்டாரில் 30.4, நேரம் 58 விநாடி. மோட்டாரைத் தொடவில்லை, கன்ட்ரோலரைத் தொடவில்லை, 12 விநாடி மிச்சம்.

ஓனர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் வளைவில் நிறுத்திக் கிளப்பிக் காட்டு என்றேன் டிரைவரிடம். ம்ஹூம். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. இந்த இடத்தைப் புரிந்துகொண்டால்தான் எதற்குக் காசு செலவழிப்பது என்று தெரியும். டிசி மோட்டாரில் ஓட்ட வேகத்தைத் தருவது வோல்ட், தள்ளும் விசையைத் தருவது ஆம்ப்ஸ். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி 210 ஆம்ப்ஸில் ஏறுகிறது, கன்ட்ரோலர் 275 வரை விடும், அதனால் அங்கே குறுக்கே நிற்பது வோல்ட்தான், அதைத்தான் கேபிளையும் செத்த பேட்டரியையும் மாற்றி மீட்டோம். நின்ற இடத்தில், நாலரைக்கு ஒன்று ஏற்றத்தில், ஆறு பேரோடு கிளம்ப 300-க்கு மேல் வேண்டும். கன்ட்ரோலர் 275-இல் கதவைச் சாத்திவிடுகிறது. இந்த வண்டியில் எத்தனை பெரிய பேட்டரி வைத்தாலும் அந்தக் கதவு திறக்காது.

அவர்கள் கையில் ஏற்கனவே ஒரு லித்தியம் விலைப்பட்டியல் இருந்தது. அதையும் பார்த்தேன். 38.4 வோல்ட், 100 ஏஎச், பேக்கைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் விடுவது தொடர்ச்சியாக 100 ஆம்ப்ஸ், சில விநாடிகளுக்கு மட்டும் 200. நம் ஏற்றம் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் 210 கேட்கிறது. பாதி ஏற்றத்தில் பிஎம்எஸ் கட் ஆகி வண்டி இருட்டாகிவிடும், சீரீஸ் மோட்டாரில் மோட்டார் பிரேக்கும் கிடையாது, பின்னோக்கி உருளும். அதோடு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. திறந்த ஷெட்டில் இரவு முழுக்க சார்ஜ் போடுகிற ஊர் இது, ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். லித்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு லெட் பேட்டரி 168 கிலோ, லித்தியத்தில் 40 கிலோவில் முடிந்துவிடும், ஏற்றத்தில் 120 கிலோவுக்கு மேல் குறைவது சாதாரண விஷயமில்லை. 300 ஆம்ப்ஸ் தாங்குகிற பிஎம்எஸ்ஸும், குளிரில் செல்லைச் சூடாக்கும் வசதியும் இருக்கிற பேக் வாங்கினால் சரி. அதன் விலையைக் கேட்டுவிட்டு ஓனரே "இப்போதைக்கு லெட் போதும்பா" என்றார்.

48 வோல்ட்டாக மாற்றுவது இன்னொரு வழி, ஆறு 6 வோல்ட்டுக்குப் பதில் ஆறு 8 வோல்ட். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதற்கு கன்ட்ரோலர், சொலினாய்டு, சார்ஜர் எல்லாம் மாற வேண்டும். ஓனரின் மகனுக்கு அதில்தான் கண். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டிக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் டிரம் பிரேக், அதுவும் கேபிள் இழுக்கிற பிரேக். ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டும்.

ஆக இரண்டாம் கட்டம்: 400 ஆம்ப்ஸ் கன்ட்ரோலர், 400 ஆம்ப்ஸ் சொலினாய்டு, புது மெயின் ஃப்யூஸ், ஆறு புது பேட்டரி, பின் பிரேக் ஷூ இரண்டு பக்கமும் புதுசு. கன்ட்ரோலர் வாங்கும்போது அக்சிலரேட்டர் எந்த வகை என்று பார்த்து வாங்க வேண்டும். சில வண்டிகளில் 0-விலிருந்து 5 கிலோ ஓம் போகும் பொட்டென்ஷியோமீட்டர், சிலவற்றில் 5-லிருந்து 0, இந்த வண்டியில் இண்டக்டிவ் சென்சார். கன்ட்ரோலரில் தப்பான வகையை செட் செய்தால் ஒன்று வண்டி நகராது, இல்லை கால் வைக்கும் முன்பே பாயும்.

சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே சில நூறு ஓமில் ஒரு ரெசிஸ்டர் வர வேண்டும், பழைய வண்டியில் அது உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலருக்குள் பெரிய கெபாசிட்டர்கள் உண்டு. அந்த ரெசிஸ்டர் வழியாக அவை மெதுவாக நிரம்பியிருந்தால் சொலினாய்டு மூடும்போது பொறி பறக்காது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பொறி, கொஞ்ச நாளில் தகடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சொலினாய்டோடு, கன்ட்ரோலருக்குள் கரண்டை விட்டு நிறுத்தும் மாஸ்ஃபெட்டும் ஷார்ட் ஆனால், காலை எடுத்தாலும் வண்டி முழு வேகத்தில் ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அந்த ரெசிஸ்டர் இருபது ரூபாய் சாமான். சொலினாய்டு காயிலின் குறுக்கே போடும் டையோடை வெள்ளிக் கோடு பாசிட்டிவ் பக்கம் வைத்து மாட்டவும். மாற்றி மாட்டினால் சாவி சுவிட்ச் வழியாக நேர் ஷார்ட். வேலை தொடங்குமுன் மோதிரம், வாட்ச், செயின் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். 36 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உருகும், விரலில் மோதிரம் இருந்தால் அதுவும்.

முடித்துவிட்டு ஓட்டினோம். பேக் 33.4, நேரம் 50 விநாடி. முந்தைய கட்டத்தை விட 8 விநாடிதான் குறைவு, அதிலும் பாதிக்கு மேல் புது பேட்டரியின் புண்ணியம். ஆனால் வளைவில் மூட்டையோடு நிறுத்தி, மறுபடி காலை வைத்ததும் ஒரு உறுமலோடு கிளம்பிப் போய்விட்டது. மூன்று தடவை செய்து பார்த்தோம். டிரைவர் பையனுக்கு ஒரே குஷி. "அண்ணா, இனி யாரையும் இறக்கிவிட வேண்டியதில்ல!"

மூன்றாவது வாரம் அவனே போன் செய்தான். "அண்ணா, வண்டி விட்டு விட்டு இழுக்குது, கீழருந்து கருகின வாடை வருது."

மறுநாளே போய் மோட்டாரின் மூடிப் பட்டையைக் கழற்றி டார்ச் அடித்தேன். மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் போகும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரில், அதன்மேல் உரசும் கார்பன் கட்டைகள் நிற்கிற இடங்களில் மட்டும் மூன்று மூன்று செப்புப் பட்டை கருத்து, ஒன்று லேசாக மேலெழும்பி, அதில் இடித்து இடித்து கார்பன் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. வளைவில் எதிரில் ஆள் வந்தால் எப்படி நிறுத்துவாய் என்று கேட்டேன். "பிரேக் எதுக்குண்ணா, அக்சிலரேட்டரை லேசா அமுக்கிட்டே இருந்தா அப்படியே நிக்குமே, முன்னாடியிருந்தே அப்படித்தான்."

கிளட்ச்சைப் பாதி விட்டு லாரியை ஏற்றத்தில் நிறுத்துகிற மாதிரி. சுற்றுகிற மோட்டாரில் கரண்ட் எல்லாப் பட்டைகளிலும் மாறி மாறிப் போகும், ஒன்றும் சூடாக நேரமிருக்காது. நிற்கிற மோட்டாரில் கார்பனுக்கு அடியில் இருக்கிற அதே இரண்டு மூன்று பட்டைதான் முழுக் கரண்டையும் சுமக்கும். முன்பு காலை அழுத்தினாலும் 275-க்கு மேல் போகாது, அதில் தப்பித்துக்கொண்டிருந்தது. இப்போது 400 வரை போகும், சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். தப்பு பையனுடையது இல்லை. கூடுதல் ஆம்ப்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, அதை எப்படிப் பயன்படுத்துவான் என்று கேட்காமல் வந்த என் தப்பு. இழுவை கூடியதைக் காட்டுகிற அவசரத்தில் ஐந்து நிமிடம் அவன் ஓட்டுவதைப் பார்க்கத் தோன்றவில்லை.

மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து தெரிந்த ரீவைண்டிங் பட்டறையில் கொடுத்தேன். நல்ல வேளை, சுருள் எரியவில்லை. எழும்பிய பட்டையை அழுத்தி உட்காரவைத்து, லேத்தில் கம்யூட்டேட்டரை ஒரு பூச்சு கடைந்து, பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவை ரம்பத் துண்டால் கீறிக் கீழே இறக்கினார் பட்டறைக்காரர். "இன்னும் ஒரு தடவை கடையலாம், அதுக்கு மேல செம்பு இல்லீங்க" என்றார். நான்கு கார்பனும் புதுசு போட்டு, கம்யூட்டேட்டரின் வளைவுக்கு உட்காரும்படி மெல்லிய உப்புத் தாளில் தேய்த்தோம். கூலி என் கணக்கில்.

திரும்பப் பொருத்தியபோது கன்ட்ரோலரின் உச்ச கரண்டை 85 சதவீதத்துக்கு இறக்கிவிட்டேன், அதாவது 340 ஆம்ப்ஸ். ஆறு மூட்டை வைத்தும் வளைவில் நின்று கிளம்பியது, ஆக 400 எங்களுக்குத் தேவையே இல்லை. அக்சிலரேட்டர் பாய்ச்சலையும் கொஞ்சம் மந்தப்படுத்தினேன், பின் சீட்டில் முதுகு காட்டி உட்காருகிறவர் தூக்கி எறியப்படக்கூடாது அல்லவா. பிறகு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து வளைவில் பத்துத் தடவை: பிரேக்கில் கால், நிற்கட்டும், பிரேக் லாக், அப்புறம் அக்சிலரேட்டர், அதை அழுத்தியதும் லாக் தானாக விடுபடும். நாலாவது தடவையிலேயே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இறக்கத்தைப் பற்றியும் சொன்னேன். கன்ட்ரோலரில் வேகத்தைக் குறைத்து வைத்தாலும் அது ஏற்றத்துக்கும் சமதளத்துக்கும்தான், இறக்கத்தில் காலை எடுத்தால் இந்த மோட்டார் சும்மா சுற்றும், பிடிக்காது, வேகம் மீறிப் போனால் கம்யூட்டேட்டர் பட்டைகளே பிய்த்துக்கொண்டு வரும்.

கேட்டுக்கு வெளியே டீக்கடை வரை எடுத்துப் போகலாமா என்று மகன் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 2(28) பிரிவு, வேலியடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று உள்ள வண்டியைத்தான் விலக்கி வைக்கிறது. ரோட்டில் சக்கரம் வைத்தால் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். டீயை உள்ளே வரவழைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மொத்தச் செலவு, என் கையை விட்டுப் போன ஆர்மேச்சர் கூலியையும் சேர்த்து, அந்த லித்தியம் விலைப்பட்டியலில் பாதிகூட வரவில்லை. அதில் பெரும்பங்கு ஆறு பேட்டரிதான். கேபிளும் லக்கும் சுவிட்சுத் தகடும் சேர்ந்து ஒரே ஒரு பேட்டரி விலைதான், 70-லிருந்து 58-க்கு வந்ததில் ஏறக்குறைய பாதி அதில்தான்.

மூன்று மாதம் கழித்து சீசன் முடிந்ததும் ஒரு நடை போய் மூடிப் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். கம்யூட்டேட்டர் சுற்றிலும் ஒரே மாதிரி சாக்லேட் நிறம், எங்கும் கருப்புத் திட்டு இல்லை. கார்பன் நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தன. லக்குகளில் ஒன்று மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன். டிரைவர் பையன் ஷெட்டில் கிடந்த இரண்டாவது வண்டிக்கு அதற்குள் காற்றடித்து, கழுவித் துடைத்து, வெளியே இழுத்து நிறுத்தியிருந்தான்.